ஒரு குடும்பம், பத்து அலுவலகம்: காவிரி டெல்டாவில் குழந்தைகளுக்கான உதவிகளை ஒன்றுசேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூலிக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் டெல்டாவில் களப்பணி செய்பவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. அப்பா கேரளாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். மூத்தவளுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அடுத்தவனுக்குப் பதினொன்று, வெளியூர் ஆட்டுக்கிடையில் ஆடு மேய்க்கிறான். கடைக்குட்டிக்கு நாலு வயது ஆகப்போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை.

இவர்களுக்கு அரசிடம் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு விதவை உதவித்தொகை இருக்கிறது, வருவாய்த் துறையில். பிள்ளைகளுக்கு மாதாந்திர நிதி ஆதரவு இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். சின்னவனுக்குப் பேச்சுப் பயிற்சி மருத்துவமனையில், மூத்தவளைத் திரும்பச் சேர்ப்பது பள்ளிக் கல்வித் துறையில், கிடையிலிருந்து பையனை மீட்பது கோட்டாட்சியர் கையில். எல்லாமே தனித்தனிக் கட்டடம், தனித்தனிப் படிவம். அங்கன்வாடிப் பணியாளருக்குச் சின்னவனைத் தெரியும், அவன் அண்ணன் கிடையில் இருப்பது தெரியாது. வகுப்பாசிரியருக்கு மூத்தவள் வராதது தெரியும், வீட்டில் சாவு விழுந்தது தெரியாது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தொலைந்து போகிறார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு குடும்பத்தின் விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை கையில் வைத்திருக்க ஒரே ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் செய்வதாகச் சொன்ன வேலை, பெயரோடும் தேதியோடும் அவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஆள் ஆசிரியராக இருக்கலாம், ஊராட்சி உறுப்பினராக இருக்கலாம், தொண்டு நிறுவன ஊழியராக இருக்கலாம், பொறுப்பெடுத்துக்கொள்ளும் இளைஞராகவும் இருக்கலாம். இந்த வழிகாட்டி அவருக்காக.

முதல் வேலை: யார் யார் என்று எழுதுங்கள்

இரண்டு பட்டியல் வேண்டும். முதலாவது, பிள்ளைகளை அடிக்கடி கண்ணால் பார்ப்பவர்கள்: அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், ரேஷன் கடைக்காரர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், மகளிர் குழுத் தலைவிகள். இதில் பலரும் விட்டுவிடும் ஆட்கள் காலை உணவு சமைக்கிறவர்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிவானது இதே டெல்டாவில், திருக்குவளைப் பள்ளியில்தான். எந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்பது அங்கே கரண்டி பிடிக்கும் அக்காவுக்கு எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடும். அவருடைய போன் எண் பட்டியலின் மேலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், வட்டாரக் கல்வி அலுவலர், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழு, மாவட்ட சமூகநல அலுவலர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. இவர்களில் குழந்தைகள் நலக் குழுவைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த இந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இவர்கள்தான். காவல் நிலையமும் முடிவு செய்ய முடியாது, காப்பகமும் முடிவு செய்ய முடியாது, நாமும் முடிவு செய்ய முடியாது.

பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரிபாருங்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய துண்டுச்சீட்டில் இருக்கும் நாகப்பட்டினம் எண்ணை நம்பி ஒரு குடும்பத்தை அனுப்பினால் அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

அவசரமா, இல்லையா?

வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைத் தீர்த்துவிடுங்கள். அடி, பாலியல் துன்புறுத்தல், காணாமல் போவது, தெருவில் தனியாக நிற்கும் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்ற தகவல் என்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. பெண்களுக்கு 181. காவல் உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. வேளாங்கண்ணித் திருவிழா நாட்களிலும் ரயில் சந்திப்புகளிலும் தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் சோறு வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போவது நல்ல மனசுதான், ஆனால் அது சரியான வழி இல்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். குழு அன்று அமரவில்லை என்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன் ஆஜர்படுத்தலாம்.

பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எல்லாருக்கும் புகார் சொல்லும் கடமை உண்டு, சொல்லாமல் விடுவதே தண்டனைக்குரியது. டெல்டாவின் கிராமங்களிலும் கடலோரத்திலும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்னும் செல்வாக்கு இருக்கிறது. வலை, படகு, கடன் தகராறுகளை அது தீர்ப்பது வேறு விஷயம். ஒரு சிறுமிக்கு நடந்ததை அபராதம் கட்டி முடிக்க அதற்கு எந்த உரிமையும் கிடையாது. பெரியவர்கள் வந்து "ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம் தம்பி" என்றால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, புகாரைக் கொடுத்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதியும் வரை மருத்துவமனை சிகிச்சைக்குக் காத்திருக்க வைக்கக் கூடாது. வழக்கு முழுக்கக் கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். என்ன நடந்தது என்று நீங்கள் அந்தப் பிள்ளையிடம் துருவிக் கேட்க வேண்டாம். அதற்கென்று இருப்பவர்கள் ஒரு தடவை கேட்டால் போதும்.

வீட்டுக்குப் போகும்போது

ஜீப்பில் ஐந்து பேராக இறங்காதீர்கள். தெருவே கூடிவிடும், அப்புறம் அந்த அம்மா வாயைத் திறக்க மாட்டார். ஒருவர் போனால் போதும், அவருக்குத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. நடவுக் காலத்தில் காலையில் போகக் கூடாது, வேலை முடிந்து கை கால் கழுவிய பிறகு போக வேண்டும்.

"மூணு பேரு வந்து இதையேதான் எழுதிக்கிட்டுப் போனாங்க. நீங்களும் எழுதிக்குங்க." டெல்டாவில் இந்த வார்த்தையைக் கேட்காத களப்பணியாளர் இருக்க மாட்டார். இது கோபத்தில் வருவது. அந்தக் கோபம் நியாயமானது. புருஷன் செத்த கதையை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாகச் சொல்ல வைப்பது கொடுமை. எனவே எழுதுவதற்கு முன், ஏற்கெனவே யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். அவர்களிடமிருந்து வாங்க முடிந்ததை வாங்குங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டியது, "அக்கா, இதுல எது முதல்ல நடந்தா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்?" என்ற ஒன்றுதான். நாம் மூத்தவளின் பள்ளிக்கூடம் என்று நினைத்துப் போயிருப்போம். அவர் ரேஷன் அட்டையில் செத்தவர் பெயர் இன்னும் இருப்பதைச் சொல்வார், அல்லது மழைக்கு ஒழுகும் கூரையைக் காட்டுவார். அவர் சொன்னதை வேலைப் பட்டியலில் முதலில் போடுங்கள். சின்ன விஷயம் ஒன்று நடந்துவிட்டால் பெரிய விஷயத்தைப் பேச நம்பிக்கை வரும்.

பிள்ளையையும் கேட்க வேண்டும். மூத்தவள் ஏன் நின்றாள் என்பதற்கு அம்மா சொல்லும் காரணமும் அவள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

ஒற்றைத் தாள்

கிளம்பும்போது இன்னொரு வேலை இருக்கிறது. அந்த வீட்டில் கூரைக் கம்பிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ ஒரு பாலிதீன் பை தொங்கும். ஆதார், ரேஷன் அட்டை, மஞ்சள் பூத்த மருத்துவமனைச் சீட்டு, யாரோ எப்போதோ கொடுத்த ஒப்புகைச் சீட்டு எல்லாம் அதில்தான். அம்மாவின் அனுமதியோடு அதைத் தரையில் பிரித்துப் பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் எங்கே நின்றன என்பது அந்த ஒப்புகைச் சீட்டுகளிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு தாள். ஒரே ஒரு தாள். இடது பக்கம் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அடுத்த கட்டத்தில் யார் செய்வார், அதற்கடுத்து எந்தத் தேதிக்குள், கடைசியில் நடந்ததா. "பேச்சுப் பரிசோதனை – அங்கன்வாடி அக்கா, செவிலியரோடு பேசி – வரும் புதன்" என்று ஒரு வரி இருந்தால் போதும். "சுகாதாரத் துறை நடவடிக்கை எடுக்கும்" என்று எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆள் பெயர் இல்லாத வரி எதுவும் தாளில் இருக்கக் கூடாது. இதன் ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கட்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் மூத்தவள் படித்துக் காட்டுவாள்.

கூட்டம் போடுவது

புதிதாக ஒரு குழு தொடங்க வேண்டாம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டியது. ஊராட்சித் தலைவர்தான் தலைவர். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், பிள்ளைகளின் பிரதிநிதிகள் எல்லாம் உறுப்பினர்கள். பல ஊர்களில் இது தீர்மானப் புத்தகத்தில் மட்டும் கூடுகிறது. தலைவரிடம் போய், "அண்ணே, இந்த மாசம் கூட்டத்துல ரெண்டு குடும்பத்தைப் பத்தி மட்டும் பேசலாம்" என்று கேளுங்கள். இரண்டு குடும்பம் என்றால் ஒத்துக்கொள்வார். ஊரின் எல்லாப் பிரச்சினையும் என்றால் டீயோடு முடிந்துவிடும்.

கூட்டம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. செவிலியருக்கு நாலு கிராமம் இருக்கும், ஆசிரியருக்குப் பதிவேடு இருக்கும். ஒற்றைத் தாளை வைத்து வரி வரியாக, யார், எப்போது என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் சொல்லத் தேவையில்லாத இடத்தில் சொல்ல வேண்டாம், குறிப்பாக ஊரில் சாதிப் பிளவு இருக்கும் இடங்களில். காலனித் தெருக் குடும்பத்தைப் பற்றிய பேச்சு மறுநாள் டீக்கடையில் எப்படித் திரியும் என்பது உங்களுக்கே தெரியும். கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, அந்த அம்மாவால் அங்கே வந்து நாற்காலியில் உட்கார முடியுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள்; பள்ளிக்கூட வகுப்பறை பெரும்பாலும் சரியாக வரும்.

சான்றிதழ்களின் வரிசை

பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்புவது தகுதி இல்லாததால் அல்ல, வரிசை மாறியதால். நம் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது அப்பாவின் இறப்புச் சான்றிதழ். சாவு கேரளாவில் நடந்ததால் அங்கே உள்ள உள்ளாட்சி அமைப்புதான் பதிவு செய்யும். அதோடு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். இதற்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பணியிட விபத்துக்கு ஒப்பந்ததாரரிடம் இழப்பீடு கோர இரண்டு ஆண்டுக் கால வரம்பு இருக்கிறது. துக்கத்திலும் அலைச்சலிலும் அது கழிந்துபோகும், ஆகவே முதல் மாதமே வழக்கறிஞர் கையில் தாள் போகட்டும்.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பிறகு ஆதரவற்ற விதவைச் சான்று. இவற்றை இ-சேவை மையத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணை ஒற்றைத் தாளில் எழுதிவையுங்கள். விதவை உதவித்தொகை இப்போது மாதம் 1,200 ரூபாய். வருவாய் ஈட்டிய பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் பள்ளிக் கல்வித் துறைத் திட்டம் ஒன்று உண்டு. அதைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் கேட்க வேண்டும். அப்பா விவசாயக் கூலியாகவும் இருந்தவர் என்றால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று அந்தப் பையில் தேடுங்கள்.

பிள்ளைகளுக்கான மாதாந்திர உதவியில் குழப்பம் அதிகம். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஆனால் அது இரு பெற்றோரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் மாற்றுத்திறனாளியாகவோ, சிறையிலோ, உயிருக்கு ஆபத்தான நோயிலோ இருக்கும், அல்லது கைவிட்டுப் போன பிள்ளைகளுக்கும். நம் குடும்பத்தில் அம்மா இருக்கிறார், உழைக்கிறார். எனவே அங்கே விண்ணப்பித்தால் திரும்பிவரும். இவர்களுக்குப் பொருந்துவது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: விதவைத் தாயின் பிள்ளைகளுக்கு உண்டு, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றில் ஒரு எண் கூடிப்போனால் எல்லாம் போயிற்று. வி.ஏ.ஓ.விடம் குடும்பத்தின் உண்மையான நிலையை நேரில் போய்ச் சொல்வது இந்த இடத்தில் பெரிய உதவி.

நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் குடியிருப்புகளில் வேலை செய்பவர்களுக்குச் சாதிச் சான்றே முதல் மலை. நரிக்குறவர் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பழங்குடியினர் சான்றை வழங்குவது கோட்டாட்சியர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக அலையாமல் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே மனுவாகக் கொடுத்து, வருவாய்த் துறை ஆட்களை அங்கேயே வந்து விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகள் இருந்தால் அதையும் அதே நாளில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிடையில் இருக்கும் பையன்

சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், மந்தையோடு டெல்டாவுக்கு வருவார்கள். வெறும் வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் வயலுக்கு உரம், வயல்காரர் காசோ நெல்லோ கொடுப்பார். நூற்றாண்டுப் பழக்கம், அதில் தவறில்லை. தவறு நடப்பது, கடன்பட்ட குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையை மேய்க்கக் கூட்டிப்போகும்போது. வருஷத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. பிள்ளை வெயிலிலும் பனியிலும் கிடையோரம் படுப்பான். இந்த வாரம் ஒரத்தநாட்டில் இருப்பான், அடுத்த வாரம் நீடாமங்கலத்தில். அதனாலேயே அவனைக் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கே ஒத்துழைப்பு என்பது மணிக்கணக்கில் நடக்க வேண்டிய விஷயம். நீங்களாகப் போய்க் கீதாரியிடம் பேசாதீர்கள். பேசினால் அன்று ராத்திரியே மந்தை நகர்ந்துவிடும். கிடை இப்போது யார் வயலில் கிடக்கிறது என்பதை உள்ளூர் ஆட்கள் மூலம் உறுதி செய்துகொண்டு, 1098க்கும், அந்த இடம் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அந்தக் கோட்டாட்சியருக்கும் ஒரே நேரத்தில் தகவல் கொடுங்கள். எழுத்துப் புகாரில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: பையனின் வயது, கொடுத்த முன்பணம், அவன் விரும்பினாலும் வீட்டுக்கு வர முடியாத நிலை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 பாய்வதற்கு இந்த விவரங்கள்தான் ஆதாரம். "குழந்தைத் தொழிலாளர்" என்று மட்டும் எழுதிவிட்டால், கொத்தடிமை விசாரணை நடக்காமலே போய்விடும் அபாயம் இருக்கிறது.

மீட்ட பிறகு கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று வழங்க வேண்டும். அது இல்லாமல் மறுவாழ்வு நிதி நகராது. மீட்கப்பட்ட குழந்தைக்கு மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் உண்டு. பெரும்பகுதி வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருந்தாலும் உடனடி உதவித் தொகை ஒன்று முன்கூட்டியே கிடைக்கும். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, சட்டம் அந்தக் கடனை அழித்துவிடுகிறது. இதை அம்மாவிடம் கோட்டாட்சியரே நேரில் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கீதாரியின் ஆள் வந்து கேட்கும்போது பயத்தில் இன்னொரு பிள்ளையை அனுப்பிவிடுவார்கள்.

வீடு திருவாரூர் மாவட்டம், கிடை தஞ்சாவூர் மாவட்டம் என்றால்? பையனைக் கண்டெடுத்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன்தான் ஆஜர்படுத்துவார்கள், பிறகு சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றுவார்கள். இந்த மாற்றலில்தான் தாள்கள் தொலையும். விடுவிப்புச் சான்று, ஆஜர்படுத்திய ஆணை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகலை அதே நாளில் வாங்கி, சொந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் பையன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பள்ளியில் பேசிவிடுங்கள். இரண்டு வருஷம் புத்தகத்தைத் தொடாத பிள்ளையை ஆறாம் வகுப்பில் உட்காரவைத்தால் ஒரே வாரத்தில் ஓடிவிடுவான். வட்டார வள மையத்தில் பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கடைக்குட்டியும் மூத்தவளும்

நாலு வயதில் பேச்சு வராவிட்டால், "எங்க மாமனாரும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை வரும் சிறார் மருத்துவக் குழு பார்த்து, மாவட்ட அளவில் மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். குழு வரும் வரை காத்திராமல் செவிலியர் வழியாக நேரடியாகவும் போகலாம். காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா ஒரு நாள் மருத்துவமனைக்கு, ஒரு நாள் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு, ஒரு நாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு என்று மூன்று கூலியை இழக்க விடாதீர்கள். மூன்று இடத்துக்கும் முன்கூட்டியே போன் செய்து ஒரே நாளில் முடிக்கலாம். இதற்குத் தேவை ஒரு போனும் கொஞ்சம் பிடிவாதமும்தான்.

மூத்தவளுக்கு, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தை ஏற்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவளுடைய எமிஸ் எண் இருக்கிறது. பழைய பள்ளி அவள் பெயரை அந்தப் பதிவின் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, விட்டால் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம். அரசுப் பள்ளியில் முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதை அம்மாவுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் மாமன்மாருக்கும் சொல்லுங்கள். படிப்பை விட்ட பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். கல்யாணப் பேச்சு எழுந்துவிட்டால் மாவட்ட சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பத்திரிகை அடிக்கும் முன் தகவல் போனால் சண்டை இல்லாமல் முடியும், மண்டபத்தில் வைத்து நிறுத்தினால் பெண்ணின் மேல்தான் பழி விழும்.

காலண்டரைப் பார்த்து வேலை செய்யுங்கள்

ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை நடவு, சம்பா, தாளடி, தை அறுவடை என்று இந்த ஊர்களின் வருமானம் ஏறி இறங்கும். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வேலை வற்றியதும் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் கிளம்புவார்கள். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தென்னையும் கூரையும் போய், கடன் கழுத்தை நெரித்த குடும்பங்களில் பிள்ளைகள் வேலைக்குப் போனதை டெல்டா பார்த்தது. ஆகவே பள்ளி திறந்து இடைநின்றவர் பட்டியலை ஜூனில் தேடுவதைவிட, மார்ச் மாதமே எந்தக் குடும்பம் கிளம்பப்போகிறது, பிள்ளைகளை யாரிடம் விடுகிறார்கள் என்று கேட்டு வைப்பது பலன் தரும். பாட்டியிடம் விட்டுப்போகிறார்கள் என்றால் பாட்டிக்கு உதவித்தொகை வருகிறதா என்பதும் பிள்ளையின் பிரச்சினைதான்.

தொண்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாலா பக்கமிருந்தும் நிறுவனங்கள் வந்து குவிந்தன. ஒரே குப்பத்துக்குப் பாத்திரம் மூன்று தடவை போய், உள்ளே தள்ளியிருந்த ஊருக்கு ஒன்றும் போகாத நிலை வரக்கூடிய நேரம் அது. சில நாட்களிலேயே ஆட்சியர் நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அங்கே அமைந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் அதில் முன்னின்றன. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள், எந்த ஊரில் இன்னும் என்ன வேண்டும் என்ற தகவலை ஒரே இடத்தில் வைத்ததுதான் அதன் பலம். அரசுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவே பேச ஓர் இடம் கிடைத்தது.

உங்கள் ஒன்றியத்தில் அதையே சின்ன அளவில் செய்யலாம். ஒரு விரிதாள் போதும்: ஊர், என்ன சேவை, எந்த நிறுவனம், தொடர்பு ஆள். பிள்ளைகளின் பெயர் அதில் வேண்டாம். இரண்டு நிறுவனம் ஒரே குடும்பத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறது என்றால் ஒன்று பஸ் காசுக்கு மாறிக்கொள்ளட்டும். மாதா கோவில், ஜமாத், கோவில் அன்னதானக் குழு, வெளிநாட்டில் இருக்கும் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை ஆட்களின் சங்கங்கள் எல்லாரிடமும் அரசுத் திட்டம் எட்டாத செலவுக்குப் பணம் இருக்கும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு தடவை போய்வர ஆகும் பஸ் செலவு எந்தத் திட்டத்திலும் வராது. அதைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். உதவி வாங்கும் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுக்க மாட்டோம் என்று எல்லா நிறுவனமும் முதல் கூட்டத்திலேயே ஒத்துக்கொள்ளட்டும்.

வாட்ஸ்அப் குழு

தகவல் பகிர்வது வேண்டும், ஆனால் எல்லாம் எல்லாருக்கும் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் போக்சோவின் 23ஆம் பிரிவும் பிள்ளையின் அடையாளம் வெளிவருவதைத் தடை செய்கின்றன. குழுவில் பெயர், படம், ஆதார் நகல் போடக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்தின் ஒற்றைத் தாளுக்கும் ஓர் எண் கொடுத்து, "தாள் 7, மருத்துவமனை வேலை முடிந்தது" என்று போட்டால் தெரிய வேண்டியவருக்குத் தெரியும். செவிலியருக்கு உடல்நல விவரம், ஆசிரியருக்குப் படிப்பு விவரம், வழக்கு விவரம் பாதுகாப்பு அலுவலருக்கு மட்டும். எதை யாரிடம் சொல்லப்போகிறோம் என்பதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி, சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நகராதபோது

முதலில் நேரில் போய் அந்த அலுவலரின் சிரமத்தைக் கேளுங்கள். ஒரு பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மாவட்டம் முழுதும் இருக்கிறது. பல நேரம் தடங்கல் ஒரு விடுபட்ட இணைப்புத் தாளாக இருக்கும். அதன் பிறகும் நகரவில்லை என்றால் எழுத்தில் மனு, தேதி முத்திரையோடு நகல். அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள், 1100 முதலமைச்சர் உதவி மையம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேட்பது. குழந்தை உரிமை மீறல் என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். இந்த வரிசையை மாற்றி முதல் நாளே மேலே போனால், அடுத்த குடும்பத்துக்கு அந்த அலுவலர் போனை எடுக்க மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் வரிசையைப் பார்க்காதீர்கள்.

உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழுந்ததும் தாளை மூடிவிட வேண்டாம். பையன் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தானா, அடுத்த அறுவடைக்குப் பின்னும் வீட்டில் இருக்கிறானா என்று பார்த்த பிறகு மூடுங்கள். நடுவில் நீங்கள் மாற்றலாகிப் போனாலோ, வேறு வேலை கிடைத்தாலோ, பொறுப்பை வாங்கப்போகிறவரை அந்த வீட்டுக்கு உங்களோடு கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். நிலுவையில் இருக்கும் ஒப்புகை எண்கள், அடுத்து வரும் தேதிகள், எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்ற குறிப்பு எல்லாம் எழுத்தில் கைமாறட்டும். புதிய ஆளின் போன் எண்ணை அம்மாவின் கைபேசியில் பதிந்து, அவர் முன்னாலேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.